விடுபட்ட பெயர்



அக்டோபர் மாதக் கடைசியிலேயே எங்கள் பங்கு அலுவலக மேசையில் சீட்டுகள் சேரத் தொடங்கிவிடும். இறந்தோருக்கான திருப்பலிக் கருத்துகள். நோட்டில் கிழித்த தாள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் என்று கிடைத்ததில் எல்லாம் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, நவம்பர் 2 அன்று மாலைத் திருப்பலியில் அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பட்டியல் நீளமாக இருந்தது. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. கல்லறைகளை மந்திரிக்கப் போக வேண்டுமே என்ற அவசரத்தில், கடைசி இரண்டு தாள்களை வாசிக்காமல், ‘மற்றும் இதில் எழுதப்பட்டுள்ள அனைவருக்காகவும்’ என்று சொல்லி முடித்துவிட்டேன்.

திருப்பலி முடிந்ததும் ஒரு வயதான தாய் வாசலில் வந்து நின்றார்.

“சாமி, எம் மவன் பேரு வரலியே?”

அவருடைய மகன் ராணுவத்தில் இருந்தவர். வடக்கே மலைப்பகுதியில் காவலில் இருந்தபோது பனிச்சரிவில் இறந்துபோனார். உடல் கிடைக்கவில்லை. பெட்டியும் வரவில்லை. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “எல்லாரும் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டு போவாங்க சாமி. எனக்கு இந்தச் சீட்டுதான் கல்லறை” என்றார்.

மறுநாள் காலைத் திருப்பலியில் அந்தப் பெயரை முதலாவதாக வாசித்தேன். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஒரு பெயரை விடாமல் சொல்வதற்கு இவ்வளவு மதிப்பா? இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஒரு மனிதரின் வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இறந்தோரை அடக்கம் செய்வது திருச்சபை நமக்குக் கற்பிக்கும் ஏழு இரக்கச் செயல்களில் ஒன்று. தோபித்து நூலில் வரும் தோபித்து, தெருவில் எறியப்பட்ட தன் இனத்தவரின் உடல்களை ஒளிந்து ஒளிந்து அடக்கம் செய்தவர். அதற்காகச் சொத்தை இழந்தார். திருவிழா விருந்தில் கை வைக்கும் நேரத்தில் செய்தி வந்தபோது, உணவைத் தொடாமல் எழுந்து போனார். அக்கம்பக்கத்தார் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

போர்களில் இறந்த சாதாரணச் சிப்பாய்க்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் ஒரு தோபித்து இருந்ததில்லை. அதிகாரிகளுக்குக் கோவில் சுவரில் பளிங்குக் கல். சிப்பாய்களுக்கு ஒரே பெரிய குழி. 1815-இல் வாட்டர்லூ போர் முடிந்தபோது, செயற்கைப் பல்வரிசை செய்வதற்காக இறந்தவர்களின் பற்களைக்கூடப் பிடுங்கி விற்றார்கள். பெயரை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்?

1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது ஃபேபியன் வேர் என்ற ஆங்கிலேயருக்கு வயது 45. ஆசிரியராக, கல்வி அதிகாரியாக, நாளிதழ் ஆசிரியராக இருந்தவர். படையில் சேரப் போனார். வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டில் உட்காரவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனக் குழு ஒன்றுக்குப் பொறுப்பேற்றுப் பிரான்சுக்குப் போனார். காயம்பட்டவர்களையும் காணாமல்போனவர்களையும் தேடுவதுதான் அந்தக் குழுவின் வேலை.

அங்கே பெத்தூன் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் கல்லறைகளைப் பார்த்தார். மரச்சிலுவைகள் நடப்பட்டிருந்தன, பெயர்களும் இருந்தன. ஆனால் யார் எங்கே கிடக்கிறார் என்று எந்த அலுவலகத்திலும் பதிவு இல்லை. இரண்டு மழைக்காலம் போனால் எழுத்து அழியும். சிலுவை விழும். ஊரிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதிக் கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

யாரும் கேட்காமலேயே வேரும் அவர் குழுவினரும் எழுதத் தொடங்கினார்கள். பெயர், படைப்பிரிவு, இடம். குண்டு விழும் இடங்களுக்கும் போய்க் குறிப்பெடுத்தார்கள். 1915-இல் ராணுவம் இந்த வேலையைத் தன் வேலையாக ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபருக்குள் 31,000 கல்லறைகள் பதிவாகிவிட்டன. குடும்பத்தார் கேட்டால் கல்லறையின் புகைப்படம் எடுத்து அனுப்பினார்கள். 1917 மே 21 அன்று அரச சாசனத்தின் மூலம் போர்க்கல்லறை ஆணையம் உருவானது. வேர் அதன் துணைத்தலைவர். 1948 வரை அந்தப் பணியை அவர் விடவில்லை. மறு ஆண்டு இறந்துபோனார்.

ஆணையத்தின் கொள்கை எளிமையானது. இறந்த ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நினைக்கப்பட வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல். தளபதி என்றும் சிப்பாய் என்றும், இந்த இனம் அந்த மதம் என்றும் வேறுபாடு கூடாது. முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் 1915 ஏப்ரலில் பிரான்சில் கொல்லப்பட்டார். செல்வாக்குள்ள குடும்பம், உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏழைத் தாயால் அது முடியுமா என்று வேர் நினைத்தார். அதன்பிறகு யாருடைய உடலையும் கொண்டுபோகக் கூடாது, எல்லாரும் தோழர்களோடு விழுந்த மண்ணிலேயே உறங்கட்டும் என்று ஆணை பிறப்பிக்க வைத்தார்.

இதற்கு எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரின் மனைவி லேடி ஃப்ளாரன்ஸ் செசில், போரில் மூன்று பிள்ளைகளைக் கொடுத்தவர். பிள்ளையின் தலைமாட்டில் சிலுவை வைக்கும் உரிமையாவது தாருங்கள் என்ற விண்ணப்பத்துக்கு 8,000-க்கும் மேற்பட்டோரின் கையெழுத்தைத் திரட்டினார். 1920 மே 4 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அப்போது ஒரு தந்தையின் கடிதம் அவையில் வாசிக்கப்பட்டது.

அந்தத் தந்தை ருட்யார்ட் கிப்ளிங். பம்பாயில் பிறந்தவர், ‘ஜங்கிள் புக்’ கதைகள் மூலம் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த எழுத்தாளர். போர் தொடங்கியபோது இளைஞர்களெல்லாம் படையில் சேருங்கள் என்று மேடையில் பேசியவர். அவருடைய ஒரே மகன் ஜானைக் கண்பார்வை போதாது என்று படையில் எடுக்கவில்லை. தந்தை தமக்குத் தெரிந்த பெரிய தளபதியிடம் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார். 1915 செப்டம்பரில் லூஸ் என்ற இடத்தில் நடந்த போரில் ஜான் விழுந்தான். 18 வயது நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. உடல் கிடைக்கவில்லை. பெற்றோர், உயிர்தப்பி வந்த சிப்பாய்களைத் தேடித் தேடி விசாரித்தார்கள். 1936-இல் கிப்ளிங் இறக்கும்வரை மகனின் கல்லறை அவருக்குத் தெரியவில்லை.

பெயர் எழுதிய ஒரு கல், போய் நிற்பதற்கு ஓர் இடம், இது எவ்வளவு பெரிய பேறு என்பது அது கிடைத்தவர்களுக்குத் தெரிவதில்லை என்ற பொருளில்தான் அவருடைய கடிதம் அமைந்திருந்தது. ‘எனக்கு இந்தச் சீட்டுதான் கல்லறை’ என்று எங்கள் பங்குத் தாய் சொன்னது நினைவுக்கு வருகிறதா?

கிப்ளிங் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. 1917-இலிருந்து சாகும்வரை ஆணையத்தின் பணியில் இருந்தார். கல்லறைகளில் பொறிக்கும் வாசகங்களைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. பெரிய கல்லறைத் தோட்டங்களின் நினைவுக்கல்லில், அவர்கள் பெயர் என்றும் வாழும் என்ற பொருள்தரும் சொற்களைச் சீராக்கின் ஞான நூல் 44-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடையாளம் தெரியாத வீரனின் கல்லில் ‘கடவுளுக்குத் தெரிந்தவன்’ என்று எழுத வைத்தார். தன் மகனும் அப்படி ஒரு கல்லின் கீழ் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

கல்லறை தெரியாதவர்களின் பெயர்களைப் பெரிய நினைவுச் சின்னங்களில் பொறித்தார்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகர வாயிலில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அங்கே 1928 ஜூலை 2 அன்று தொடங்கிய வழக்கப்படி ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு ஊதுகொம்பு ஊதி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஊதுகிறவர்கள் அந்த ஊர்த் தீயணைப்புப் படையோடு சேர்ந்த தொண்டர்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் அது நின்றது. 1944 செப்டம்பர் 6 அன்று ஊர் விடுதலையான மாலையிலேயே மறுபடி ஊதத் தொடங்கிவிட்டார்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் சமம் என்ற வாக்கு எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை. பிரான்சில் நெவ் ஷப்பேல் என்ற இடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர், தொழிலாளர் பெயர்களைப் பொறித்து 1927-இல் நினைவுச் சின்னம் திறந்தார்கள். ஆனால் இன்றைய ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் இருந்தது. இந்திய அதிகாரிக்கும் பெயர் இருந்தது. இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர், அவ்வளவுதான். நம் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரும் போரிட்ட களம் அது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மூட்டை சுமந்து இறந்த கறுப்பினத்தவருக்குச் சிலைகள் வைத்தார்கள்; பெயர்கள் வைக்கவில்லை.

2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த விதத்திலுமோ நினைக்கப்படவே இல்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், எகிப்தியர்கள். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்போடு நிற்கவும் இல்லை. 2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், விடுபட்டிருந்த 1,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்களோடு ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. நூறு ஆண்டு தாமதம். ஆனாலும் பெயர் வந்துவிட்டது.

அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு என் குரலே கேட்டது: ‘மற்றும் இதில் எழுதப்பட்டுள்ள அனைவருக்காகவும்.’ அன்றைக்கு எனக்கு மழை அவசரம். அவர்களுக்குச் செலவு அவசரமோ, தோல் நிறமோ. விடுபட்டவர்கள் எப்போதும் கேள்வி கேட்க முடியாதவர்களாகவே இருக்கிறார்கள்.

சென்னையில் பரங்கிமலைத் திருத்தலத்துக்குப் போகிறவர்கள், பூந்தமல்லி சாலையில் சிறிது தூரத்தில் உள்ள நந்தம்பாக்கம் போர்க்கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பின்பகுதியில் உள்ள நினைவுச் சின்னத்தில், முதல் உலகப்போரின்போது இறந்து, இந்தியாவில் பராமரிக்க முடியாத இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. புல் சீராக வெட்டப்பட்டிருக்கும். எல்லாக் கற்களும் ஒரே உயரம். நடந்துபோகும்போது ஒரு பெயரையாவது வாய்விட்டு வாசியுங்கள். அவரைப் பெற்றவள் எந்த நாட்டிலோ இருந்தாள். இங்கே வந்து வாசிக்க அவளால் முடிந்திருக்காது.

உங்கள் ஊரிலிருந்தும் யாராவது படைக்குப் போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தப் பெயரை எழுதி வையுங்கள். இந்த நவம்பரில் ஒரு சீட்டில் எழுதி உங்கள் பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.

நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரே, போர்க்களங்களில் விழுந்த எல்லாருக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தாரும். பெயர் விடுபட்டவர்களை நீர் அறிவீர். நாங்களும் அவர்களைத் தேடிச் செல்லும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.

அந்தத் தாய் இப்போது இல்லை. மகனின் சீட்டு எங்கள் பங்கின் திருப்பலி நூலுக்குள்ளேயே இருக்கிறது. கீழே அவர் பெயரையும் நான் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க.