நம் காலத்துக் கலைச்செல்வர் அறுவர்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டிருந்தனர். எதனைப் பற்றி எழுதுவது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், நம் பேரன் வந்து, "தாத்தா, உங்கள் வாழ்நாளில் பார்த்த கலைஞர்களுள் யார் மிகப் பெரியவர்?" என்று வினவினான். டில்லியில் பிறந்து டில்லியில் வளரும் பிள்ளை. வீட்டில் தமிழ் பேசுவான். படியிறங்கித் தெருவுக்குச் சென்றால் இந்திதான். எண்பத்தைந்து ஆண்டுகளில் நாம் கண்டு மகிழ்ந்தவர் எத்தனை பேர்! ஒரு பெயரைச் சொல்லி அவனை அனுப்பிவிட மனம் ஒப்பவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையையே இங்கு எழுதுகிறோம்.

பெரியவர் யார் என்று கூற வேண்டுமாயின் முதலில் அளவுகோல் ஒன்று வேண்டும். பட்டமும் பதக்கமும் அளவுகோல் ஆகா. அவை காலந்தாழ்ந்து வருதலும் உண்டு, வாராது போதலும் உண்டு. கூட்டம் கூடுவதும் அளவுகோல் ஆகாது. நாம் கொண்ட அளவுகோல் இரண்டு கேள்விகளாக அமைந்தது. மதிப்புக் குறைந்திருந்த தம் கலையை மதிப்பு மிக்க இடத்துக்கு உயர்த்தியவரா? அவ்வாறு உயர்த்தும்பொழுது, அவையோரின் விருப்பத்துக்காகத் தம் கலையின் இயல்பை விட்டுக்கொடாமல் நின்றவரா?

இவ்வளவுகோலை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1962-இல் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் டில்லிக்கு வந்து இறங்கியவர் நாம். அக்காலத்தில், அண்டை அயலார் நகைப்பரோ என்றஞ்சி, வானொலிப் பெட்டியின் ஒலியைத் தாழ்த்தித் தமிழ்ப் பாட்டுக் கேட்டவர் நம் குடியிருப்பில் பலர். நாமும் அவருள் ஒருவரே. தன்னியல்பை இழக்காமல் பிறரோடு கலந்து வாழ்வது எப்படி என்பது அன்று நம்முன் நின்ற வினா. அதற்கு விடை காட்டியவர்கள் பெரும்பாலும் கலைஞர்களே.

நாகசுரமும் ஷெனாயும்

முதலில் நிற்பவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரொன்றில், நமக்குப் பத்து வயது நிரம்பிய காலத்தில், கோயில் திருவிழாவில் அவர் வாசிப்பைக் கேட்டோம். நள்ளிரவு கடந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் வாசித்தது தோடி என்று தந்தையார் சொன்னார். இராகம் இன்னதென்று அறியாத வயதிலும் உறக்கம் வரவில்லை என்பது மட்டும் இன்றும் நினைவில் நிற்கிறது.

1898-இல் பிறந்த அவர் காலத்தில், நாகசுரம் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் உரிய மங்கல வாத்தியமாக மட்டுமே எண்ணப்பட்டது. புரவலர் அமர்ந்திருக்க, வாசிப்பவர் நின்றே வாசிப்பது பல இடங்களில் வழக்கம். பாட்டுக்காரருக்கு உரிய மேடையும் மரியாதையும் நாகசுரக்காரருக்கும் உரியவை என்று அவர் வற்புறுத்தினார். தாமே அதற்கேற்ப நடந்தும் காட்டினார். உரத்த குரலுடைய குட்டையான திமிரி நாகசுரத்தை விடுத்து, நீண்டதும் தாழ்ந்த சுருதி உடையதுமான பாரி நாகசுரத்தைக் கையாண்டார். அதனை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தார். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

1947 ஆகஸ்ட் 14 அன்று, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டில்லியில் நேருவிடம் செங்கோல் அளிக்கப்பட்ட நிகழ்ச்சிக்கு, உடன் வந்து நாகசுரம் வாசித்தவர் இவரே. நாம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே நம் ஊர்த் தோடி இந்நகருக்கு வழி கண்டுவிட்டது எனலாம். 1956-இல் அவர் மறைந்தார்.

அவருக்கு அடுத்தாற்போல் நாம் வைப்பது தமிழரை அன்று. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானை. பீகாரில் டும்ராவ் என்னும் ஊரில் 1916-இல் பிறந்து காசியில் வாழ்ந்தவர். ஷெனாயின் நிலையும் நாகசுரத்தின் நிலையைப் போன்றதே. அதுவும் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். அதுவும் கோயில் வாயிலிலும் மண வீட்டிலும் ஒலிப்பது. கச்சேரி மேடையில் அதற்கும் இடம் அரிதாகவே இருந்தது. 1937-இல் கல்கத்தாவில் நடந்த இசை மாநாட்டில் அவர் வாசித்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. 1950 ஜனவரி 26 அன்று, நம் நாடு குடியரசான நாளில், டில்லிச் செங்கோட்டையில் அவர் ஷெனாய் முழங்கியது. இசுலாமியராகிய அவர் காசி விசுவநாதர் கோயிலில் வாசித்து வந்தார். தம் மார்க்கத்தையும் விட்டாரல்லர். 2001-இல் பாரத ரத்தினம் பெற்றார், 2006-இல் மறைந்தார்.

நம் இல்லத்துத் திருமணத்தின்போது ஊரிலிருந்து நாகசுரக் குழுவை வரவழைத்திருந்தோம். அண்டை வீட்டார் என்ன நினைப்பரோ என்று உள்ளூர ஓர் அச்சம் இருந்தது. எதிர் வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் முகூர்த்தம் முடியும்வரை இருந்து கேட்டுவிட்டு, இது எங்கள் ஷெனாய்க்கு அண்ணன் போலும் என்றார். அன்று நம் அச்சத்தில் பாதி நீங்கியது.

ஆடலும் பாடலும்

மூன்றாமவர் தஞ்சாவூர் பாலசரசுவதி. வீணை தனம்மாளின் பெயர்த்தி. 1918-இல் பிறந்து, 1925-இல் காஞ்சி காமாட்சியம்மன் கோயிலில் அரங்கேறியவர். நட்டுவனார் கந்தப்ப பிள்ளை அவருடைய ஆசிரியர். சதிர் என வழங்கிய அவ்வாடலைப் பரம்பரையாகப் போற்றி வந்த குடும்பங்கள் அக்காலத்தில் பெரும் பழிச்சொல்லுக்கு ஆளாயின. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது. அச்சட்டம் வேண்டியதே. ஆயினும் கொடுமையை ஒழிக்கப் புகுந்த காலம், அக்கலையைக் காத்து வந்த பெண்களின் பெருமையையும் சேர்த்து மறந்துவிட்டது. அந்நிலையிலும் பாலசரசுவதி தம் மரபை மறைத்துக்கொள்ளவில்லை. ஆடலில் சிருங்காரம் இழிவன்று, அதுவே உயிர் என்று கூறி, ஆடியும் காட்டினார்.

விடுப்பில் சென்னை சென்றிருந்தபொழுது ஒருமுறை அவர்தம் ஆடலைக் கண்டோம். கண்ணனை வாவென்று அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அவர் அபிநயம் பிடித்தார். வயது முதிர்ந்து உடல் பருத்திருந்த அவர், ஒரு கையசைவில் இளந்தாய் ஆனார். வங்கத்துச் சத்யஜித் ராய் 1976-இல் அவரைப் பற்றி 'பாலா' என்னும் ஆவணப்படம் எடுத்தார். இசைவாணர்க்குரிய 'சங்கீத கலாநிதி' விருதைச் சென்னை மியூசிக் அகாதெமி 1973-இல் ஆடற்கலைஞராகிய அவருக்கு அளித்தது. 1984-இல் அவர் மறைந்தார்.

நான்காமவர் எம். எஸ். சுப்புலட்சுமி. மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916-இல் பிறந்தவர். 1945-இல் தமிழில் வெளிவந்த 'மீரா' 1947-இல் இந்தியிலும் வந்தது. அதன் பின் வடநாட்டார்க்கும் அவர் வீட்டுப் பெண்ணானார். காந்தியடிகளின் விருப்பப்படி மீரா பஜனை ஒன்றைப் பாடிப் பதிவு செய்து டில்லிக்கு அனுப்பினார். 1948 ஜனவரி 30 அன்று அடிகள் மறைந்தபொழுது வானொலி அப்பதிவையே ஒலிபரப்பியது. 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார், 1998-இல் பாரத ரத்தினம் பெற்ற முதல் இசைக்கலைஞர் ஆனார், 2004-இல் மறைந்தார்.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நாம் அவரிடம் வியந்தது வேறொன்று. பிறமொழிப் பாட்டொன்றை மேடையேற்றும் முன், அம்மொழி அறிந்தாரிடம் ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பையும் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்வார். பிறர் மொழியைப் பாடும்போது அம்மொழியினர் குறை காணலாகாது என்பது அவர் கொள்கை. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ? நம் மொழியைப் பிறர் மதிக்க வேண்டுமாயின், பிறர் மொழியை நாம் முதலில் மதித்துக் கற்றல் வேண்டும்.

சிரிக்க வைத்தவர்

ஐந்தாமவராகக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைக் கூறினால், இசைவாணர் வரிசையில் நகைச்சுவை நடிகரா என்று சிலர் கேட்கலாம். கூத்தாடி என்று இகழப்பட்டவரின் தொழிலைச் சமூகத்துக்கு அறிவு சொல்லும் தொழிலாக உயர்த்தியவர் அவர். 1908-இல் நாகர்கோவிலில் பிறந்து, வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் பயின்று திரைக்கு வந்தார். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில் நந்தனார் கதையைப் போன்றே 'கிந்தனார்' என்றொரு காலட்சேபம் செய்தார். நந்தன் தில்லைக்குச் செல்ல ஏங்கினான். கிந்தனோ கல்வி பெற நகருக்குச் செல்ல ஏங்குகிறான். கொட்டகையே அதிரச் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான், எதனைச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தார் என்பது விளங்கிற்று.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் கைதாகி, தண்டனை பெற்று, மேல் முறையீட்டின் பயனாய் 1947-இல் குற்றமற்றவர் என விடுதலையானார். அத்துணைத் துயரத்துக்குப் பின்னும் அவர் நகைச்சுவையில் கசப்புக் கலக்கவில்லை. ஈட்டியதை இல்லாதார்க்கு ஈந்து, 1957-இல் மறைந்தார். அவர் சிரிப்பு எவரையும் சிறுமைப்படுத்தியதில்லை. அதன் அருமையை டில்லிக்கு வந்த பின்னரே நாம் உணர்ந்தோம். அந்நாளைய இந்திப் படங்களில் தமிழன் வந்தால், பெரும்பாலும் அவன் பேச்சு கேலிக்குரியதாகவே காட்டப்படும். கொட்டகையில் நாமும் உடன் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நெடுநாள் உறுத்தியது.

உச்சரிப்பே பொருத்தமானது

அவ்வுறுத்தலைப் போக்கியவரே ஆறாமவர், எஸ். பி. பாலசுப்பிரமணியம். 1981-இல் கே. பாலசந்தர் இயக்கிய 'ஏக் தூஜே கே லியே' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. கதைத் தலைவன் தமிழன். தலைவி இந்தி பேசும் அண்டை வீட்டுப் பெண். தென்னாட்டுப் பாடகரின் இந்தி உச்சரிப்புப் பொருந்துமோ என்று இசையமைப்பாளர் தயங்கினர் என்றும், பாடுபவன் தமிழன் ஆதலின் அதுவே பொருத்தமென்று பாலசந்தர் வாதாடினார் என்றும் கூறுவர். அப்படத்தில் பாடியமைக்கு அவர் தேசிய விருது பெற்றார். நம் குடியிருப்பில் அவ்வாண்டு அப்பாடல்களைப் பாடாத வீடில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கேலி பேசிய சிறுவரும் அவற்றையே பாடித் திரிந்தனர்.

1946-இல் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த அவர், கருநாடக இசையை முறையாகப் பயின்றவரல்லர். எனினும் 'சங்கராபரணம்' படத்தில் அவ்விசையைப் பாடித் தேசிய விருது பெற்றார். தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என நான்கு மொழிகளில் ஆறு முறை அவ்விருது அவருக்குக் கிடைத்தது. தமிழர் அவரைத் தம்மவர் என்றனர். தெலுங்கரும் கன்னடரும் அவ்வாறே கூறினர். 2020-இல் அவர் மறைந்தபொழுது நான்கு மொழியினரும் ஒருங்கே அழுதனர்.

நடிகர் திலகம் சிவாஜி கணேசன் எங்கே, லதா மங்கேஷ்கர் எங்கே என்று வாசகர் நம்மைக் கடிந்துகொள்ளக் கூடும். அவ்விருவர் பெருமையிலும் நமக்கு ஐயமில்லை. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு. இன்னொருவர் வேறோர் அளவுகோல் கொள்வாராயின் பட்டியலும் வேறாகும். அவரவர் இல்லத்தில் முதியோரும் இளையோரும் கூடியமர்ந்து இதனைப் பேசுவதே நாம் விரும்புவது.

தமிழரை மட்டுமே கொண்ட பட்டியலாக இதனை எழுதியிருந்தால், அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம்மை வாழவைத்த இந்நகருக்கு நன்றி மறந்தவர் ஆவோம். தமிழரை விடுத்து எழுதியிருந்தால் பெற்ற தாயை மறந்தவர் ஆவோம். இவ்வறுவரும் தம் நாகசுரத்தை, ஷெனாயை, ஆடலை, பாடலை, சிரிப்பை, உச்சரிப்பை மறைத்துக்கொண்டு பெருமை பெறவில்லை. உள்ளதை உள்ளவாறே நிறைவாக அளித்தனர். அவை தானே எழுந்து மரியாதை செய்தது.

பேரனிடம் இவ்வளவையும் கூறிவிட்டு, ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அவன் கைப்பேசியிலேயே தேடி வைக்கச் சொன்னோம். சன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவாகுமோ என்று அவன் ஒலியைக் குறைக்கப் போனான். வேண்டாம், இருக்கட்டும் என்றோம்.