குரங்குக்குக் கொடுத்த வேலை

மூளையில் ஒரே ஒரு நரம்புச் செல் எழுப்பும் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டால், சூடான சட்டியில் பொரி வெடிப்பதுபோல் படபடக்கும். 1950களின் நடுப்பகுதி வரை இந்த ஒலியைத் தேடியவர்கள் பெரும்பாலும் மயக்க மருந்தில் கிடந்த விலங்குகளிடம்தான் தேடினார்கள். தோலைத் தொட்டால் எந்தச் செல் துடிக்கிறது, கண்ணில் ஒளி பட்டால் எது துடிக்கிறது என்று அந்த முறையில் அறிய முடிந்தது. ஆனால் மயங்கிக் கிடக்கும் விலங்கு கையை நீட்டாது, காத்திருக்காது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. மூளையின் ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டினால் நாயின் கால் அசைகிறது என்பதை 1870இலேயே பெர்லினில் ஃப்ரிட்ஷும் ஹிட்ஸிக்கும் காட்டிவிட்டார்கள். தானாக அசையும்போது அந்தப் பகுதி என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அதன்பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் விடை இல்லை. அந்த விடை வந்த கதையைக் கருவிகளின் வளர்ச்சிக் கதையாகச் சொல்வது வழக்கம். என் பார்வையில் அது குரங்குக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளின் கதை. எந்த வேலையைக் கொடுத்தார்களோ, அதற்கேற்ற விடையைத்தான் மூளை தந்தது.

கருவியின் பங்கை நான் மறுக்கவில்லை. விழித்திருக்கும் விலங்கின் மூளைக்குள் உடையாமல் நிற்கக்கூடிய டங்ஸ்டன் மின்முனையை டேவிட் ஹூபல் 1957இல் வெளியிட்டார். மாண்ட்ரியலில் ஹெர்பர்ட் ஜாஸ்பரின் குழு, ஒளிச் சைகை கண்டதும் கையை இழுத்துக்கொள்ளப் பழக்கிய குரங்குகளின் செல்களைப் பதிவுசெய்து, 1958இல் மாஸ்கோவில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தது. ஆனாலும் இந்த முறையை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் பெதஸ்டாவில் இருந்த எட்வர்ட் எவார்ட்ஸ்தான். குரங்கின் உறக்கத்திலும் விழிப்பிலும் ஒரே வகைச் செல்கள் எப்படித் துடிக்கின்றன என்று முதலில் கேட்டவர், விரைவிலேயே உறக்கத்தை விட்டு உழைப்பின் பக்கம் திரும்பினார். மூளையிலிருந்து தண்டுவடத்துக்குக் கட்டளை கொண்டுசெல்லும் செல்கள், கைத்தசை அசையத் தொடங்குவதற்கு முன்பே துடிக்கின்றன என்பதை 1966இல் காட்டினார்.

எவார்ட்ஸின் 1968ஆம் ஆண்டுச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்த குரங்கு ஒரு கம்பியைப் பிடித்து, மணிக்கட்டை மடக்கியும் நீட்டியும் இரண்டு தடைகளுக்கு இடையே அதை நகர்த்துகிறது. குறித்த நேரத்துக்குள் நகர்த்தினால் ஒரு துளி பழச்சாறு. இவ்வளவுதான் என்றால், செல் துடிப்பது கை போகும் இடத்துக்காகவா, தசை செலுத்தும் விசைக்காகவா என்று பிரித்தறிய முடியாது. எவார்ட்ஸ் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டிக் கப்பி வழியே எடையைத் தொங்கவிட்டார். எடை ஒரு பக்கம் இழுத்தால் குரங்கு எதிர்த்து உழைக்க வேண்டும், மறுபக்கம் மாற்றினால் அதே அசைவுக்கு வேறு தசை உழைக்க வேண்டும். அசைவு மாறவில்லை, விசை மாறியது. பெரும்பாலான செல்களின் துடிப்பு விசையைத்தான் பின்தொடர்ந்தது. மிக நுட்பமான மின்முனை கையில் இருந்தும், இந்த உண்மையைப் பிரித்துத் தந்தவை ஒரு கப்பியும் ஒரு எடைக்கல்லும்.

வேலை மாறியதும் விடையும் மாறியது. 1971இல் ஃபுஸ்டரும் அலெக்சாண்டரும், உணவை மறைத்துவைத்துச் சற்று நேரம் கழித்தே எடுக்க விட்டார்கள். அந்தக் காத்திருப்பு முழுவதும் விடாமல் துடிக்கும் செல்கள் நெற்றிப்புற மூளையில் கிடைத்தன. அதே ஆண்டில் ஜப்பானில் குபோடாவும் நிக்கியும் இதையே கண்டார்கள். 1982இல் பால்டிமோரில் ஜார்ஜோபௌலோஸின் குழு, நடுவிலிருந்து எட்டுத் திசைகளுக்கு எட்டிக் கைநீட்டும் வேலையைக் கொடுத்தது. ஒவ்வொரு செல்லும் தனக்கு உகந்த ஒரு திசையில் அதிகமாகவும், விலக விலகப் படிப்படியாகக் குறைவாகவும் துடித்தது. தனிச் செல் சொல்வது தெளிவற்றது. ஆனால் பல செல்களின் வாக்கை அவற்றின் துடிப்புக்கேற்ப எடைபோட்டுக் கூட்டினால், கை போகும் திசை ஏறத்தாழச் சரியாக வந்தது. ஒற்றைச் செல்லைத் தேடிய துறை, கூட்டத்தின் குரலைக் கேட்கக் கற்றது இங்கேதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விசையைக் கேட்டவருக்கு விசையும், திசையைக் கேட்டவருக்குத் திசையும் கிடைத்தன என்றால், ஆய்வாளர் தன் எண்ணத்தையே மூளையில் படித்துக்கொண்டார் என்றுதானே பொருள்? அப்படி இல்லை என்பதற்குச் சான்று 1989இல் வந்தது. ஜான் கலாஸ்காவின் குழு இரண்டு வேலைகளையும் ஒன்றாக்கி, எட்டுத் திசைகளில் நகரும் கையின்மேல் வெவ்வேறு பக்கங்களிலிருந்து சுமையை ஏற்றியது. அசைவுகளை ஆளும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியின் செல்கள் திசைக்கும் சுமைக்கும் சேர்த்தே துடித்தன. முந்தைய இரு விடைகளும் உண்மை, இரண்டும் பகுதி. 2012இல் ஸ்டான்ஃபோர்டில் கிருஷ்ணா ஷெனாயின் குழு, செல்களின் துடிப்பு கூட்டாகச் சுழலும் ஒரு ஒழுங்கைப் பின்பற்றுகிறது என்று காட்டி, எதைக் குறிக்கிறது என்ற கேள்வியிலிருந்து எப்படி இயக்குகிறது என்ற கேள்விக்கு நகர்ந்தது. இந்த அறிவு வெறும் நிழல் இல்லை என்பதற்கு மனிதரே சாட்சி: உடல் செயலிழந்த ஒருவர், மூளையில் பதித்த 96 மின்முனைகளின் துடிப்பைக் கொண்டு கணினித் திரையின் சுட்டியை நகர்த்தியதை 2006இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது. அதை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது. மின்முனையை இறக்க மண்டையில் பொருத்திய குழாயோடு நாற்காலியில் மணிக்கணக்கில் அமர்ந்த அந்த விலங்கு, நம் கோயில் மதில்களில் திரியும் நாட்டுக்குரங்கு இல்லை, வடக்கே வாழும் அதன் உறவான ரீசஸ் குரங்கு. அந்தக் காலத்து அமெரிக்க ஆய்வகங்களுக்கு அவை பெருமளவில் இந்தியாவிலிருந்தே போயின. 1978இல் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. கிடைத்த பலனைக் காட்டி அவற்றின் துன்பத்தை நியாயப்படுத்திவிட முடியாது. துன்பத்தைக் காட்டிக் கிடைத்த அறிவைப் பொய்யாக்கவும் முடியாது. ஆனால் வேலைதான் விடையைத் தீர்மானிக்கிறது என்பது உண்மையானால், கேட்பவரின் பொறுப்பு இன்னும் கனமாகிறது. மழுப்பலான கேள்விக்கு மழுப்பலான விடைதான் வரும், அதற்கும் ஒரு உயிர் விலை கொடுத்திருக்கும். எவார்ட்ஸின் கப்பி இன்றும் மதிக்கத்தக்கது இதனால்தான். மின்முனையை இறக்கும் முன்பே, எந்த ஐயத்தைத் தீர்க்கப்போகிறோம் என்று அவர் முடிவுசெய்திருந்தார்.