ஓட்டாஞ்சில்லும் பாதிச் சவரமும்

ஒருவரை வேலையிலிருந்து தூக்கிவிட்டால் ‘சீட்டு கிழிந்தது’ என்பார்கள். ‘கல்தா கொடுத்துவிட்டார்கள்’ என்றும் சொல்வதுண்டு. அதே செய்தி அலுவலகக் கோப்பில் ஏறும்போது ‘டிஸ்மிஸ்’ ஆகிறது, ‘டெர்மினேட்’ ஆகிறது. இந்த ஆங்கிலச் சொற்களுக்கு இஸ்திரி போட்ட சட்டையின் மிடுக்கு இருக்கிறது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் கையும் காலும் சேறும் தெரியும்.

‘சப்ளாண்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இருப்பவரை அகற்றிவிட்டு அவர் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்வதை அது குறிக்கும். லத்தீனில் ‘பிளாண்டா’ என்றால் உள்ளங்கால். நிற்பவரின் பாதத்தை அடியிலிருந்து தட்டிவிடுவதே அந்தச் சொல்லின் ஆதிப்பொருள். தமிழில் நாள்தோறும் புழங்கும் ‘காலை வாரிவிட்டான்’ என்பதும் இதுவே. ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியதல்ல. ஆளைக் கவிழ்க்கும் உத்தி ரோமிலும் ராயபுரத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

‘எஜெக்ட்’ என்பதில் தூக்கி எறிவதும், ‘எக்ஸ்பெல்’ என்பதில் பிடித்துத் தள்ளுவதும் இருக்கின்றன. ‘ரஸ்டிகேட்’ கொஞ்சம் வேடிக்கையானது. கிராமப்புறம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தப்புச் செய்த மாணவரைச் சில காலம் ஊருக்கு அனுப்பி வைப்பதற்கு அந்தப் பெயர். தண்டனை முடிந்ததும் அவர் திரும்பி வரலாம். நம்முடைய கல்லூரிகளில் ‘ரஸ்டிகேட்’ என்றால் டி.சி.யைக் கையில் கொடுத்து ஒரேயடியாக அனுப்பிவிடுவது. கிராமத்துக்குப் போவது ஒரு தண்டனையா என்று, கிராமத்திலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்த மாணவர் கேட்டால் அகராதியிடம் பதில் இல்லை.

‘ஆஸ்ட்ரசைஸ்’ என்னும் சொல்லின் கதை நீளமானது. ‘ஆஸ்ட்ரகான்’ என்றால் கிரேக்கத்தில் ஓட்டாஞ்சில். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்சில், இந்த ஆண்டு யாரையாவது ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமா என்று ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் மன்றத்தில் கேட்பார்கள். வேண்டும் என்று முடிவானால், பின்னொரு நாளில் குடிமக்கள் சந்தைத் திடலில் கூடி, தமக்கு வேண்டாதவரின் பெயரை உடைந்த பானைச் சில்லில் கீறிப் போடுவார்கள். அது செல்ல 6,000 சில்லுகள் சேர வேண்டும். பெயர் விழுந்தவர் 10 நாளுக்குள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். 10 ஆண்டு திரும்பக் கூடாது. சொத்து பறிபோகாது, குடியுரிமையும் போகாது. குற்றச்சாட்டு உண்டா என்றால் அதுவும் கிடையாது. ஆள் பெரிதாக வளர்ந்துவிட்டார் என்பதே போதும்.

1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது ஏறத்தாழ 190 சில்லுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர்: தெமிஸ்டோக்ளிஸ். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பற்படையை முறியடித்து ஏதென்சைக் காத்தவர். பெயரைவிட எழுத்துகள்தாம் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தன. அத்தனை சில்லுகளையும் எழுதியவை சுமார் 14 பேரின் கைகள் மட்டுமே. எழுதத் தெரியாதவர்களுக்கு உதவியாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் ஆள் வைத்து மொத்தமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. பூத் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து பழகிய நம் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெமிஸ்டோக்ளிஸ் கடைசியில் பாரசீக மன்னனிடமே போய் அடைக்கலம் புகுந்தார்.

பிராக்கில் கூடிய புராட்டஸ்டன்ட் பிரபுக்களுக்கு ஓட்டாஞ்சில் கீறும் பொறுமை இல்லை. 1618 மே 23 அன்று புனித ரோமப் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் கோட்டை ஜன்னல் வழியாக வீசினார்கள். அதற்கான சொல் ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’. லத்தீன் ‘ஃபெனஸ்ட்ரா’ ஜன்னல். சுமார் 70 அடி உயரத்திலிருந்து விழுந்தும் மூவரும் பிழைத்தார்கள். கன்னி மரியாள் காத்தாள் என்றனர் கத்தோலிக்கர். குப்பைமேடு காத்தது என்றனர் எதிர்த்தரப்பினர். செயலாளர் ஃபாப்ரிசியஸுக்குப் பேரரசர் பிறகு பிரபுப் பட்டம் கொடுத்தார். பட்டப்பெயர் ‘ஹோஹென்ஃபால்’, பெருவீழ்ச்சியார் என்று தமிழாக்கலாம்.

அவருக்கு விழுந்ததால் பெயர் கிடைத்தது. அயர்லாந்தில் ஒருவர் தம் பெயரையே அகராதிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

முதலில் ‘எவிக்ட்’. பிக் பாஸ் புண்ணியத்தில் தமிழ் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சொல். உள்ளே இருப்பது லத்தீனின் ‘வென்றான்’: வழக்காடி வென்று இடத்தை மீட்பது. 1880இல் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்தவர் கேப்டன் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். விளைச்சல் மோசம். குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள் விவசாயிகள்; பிரபு 10 சதவீதத்துக்குமேல் இறங்கவில்லை. செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸோடு வந்த நீதிமன்ற ஊழியரைப் பெண்கள் சேற்றையும் சாணத்தையும் வீசித் துரத்தினார்கள். அத்துடன் பாய்காட்டின் வீட்டு வேலைக்காரர்களும் பண்ணையாட்களும் நின்றுகொண்டார்கள். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், கடைக்காரர் சாமான் தர மறுத்தார், துணி வெளுக்கவும் ஆளில்லை. யாரும் அவரை அடிக்கவில்லை. வயலில் கிழங்கு மட்டும் அழுகத் தொடங்கியது.

அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஆயிரத்துக்கு அருகில் படையும் போலீசும். சுமார் 500 பவுன் பெறும் விளைச்சலை எடுக்க 10,000 பவுன் செலவானது என்று அப்போதே கணக்குச் சொல்லிச் சிரித்தார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நவம்பர் இறுதியில் பாய்காட் குடும்பத்தோடு கிளம்பியபோது வண்டியோட்ட உள்ளூரில் ஆள் இல்லாமல் ராணுவ ஆம்புலன்ஸில் ஏற வேண்டியதாயிற்று. டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல். காலி செய்ய வைக்க வந்தவர் காலி செய்துகொண்டு போனார்.

இந்தச் செயலுக்கு என்ன பெயர் வைப்பது என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத்தும் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியும் பேசிக்கொண்டதாக ரெட்பாத் எழுதியிருக்கிறார். ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்றால் குடியானவர்களுக்குப் புரியாதே என்றபோது, ‘பாய்காட்’ என்றே சொல்லிவிடலாம் என்று யோசனை கூறியவர் பாதிரியார். ஏதென்சின் ஓட்டாஞ்சில் அன்று அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயலில் தோற்றது.

வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் அந்நியப் பொருள் பாய்காட் தீர்மானமானது. தமிழில் அது ‘பகிஷ்காரம்’ ஆயிற்று; வெளியே தள்ளுவதுதான் அந்த வடசொல்லின் நேர்ப்பொருள். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போது, வ.உ.சி. தரப்புக்கு எதிராக நடந்துகொண்டவர்களுக்குச் சவரத் தொழிலாளர்கள் கத்தி எடுக்க மறுத்தார்கள். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த வழக்கறிஞர் ஒருவர் பேச்சுவாக்கில் வேலைநிறுத்தக்காரர்களைக் குறைகூற, தொழிலாளி கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டாராம். மீதி முகத்தை மழிக்க வழக்கறிஞர் திருநெல்வேலிக்கு ரயிலேறினார் என்பது கதை.