ஒன்றரையா, இரண்டே காலா?

அம்மாவின் ரவை கேக் குறிப்பில் எல்லாம் கிராம் கணக்குதான். பிரான்ஸ் 1795-இல் சட்டமாக்கிய மெட்ரிக் முறை அது. இந்திய அரசின் சட்டம் 1956-இல்தான் வந்தது. 16 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்கு ரவை, சர்க்கரை, வெண்ணெய் தலா 200 கிராம், முட்டை நான்கு.

போன கிறிஸ்துமஸுக்குப் புதுச்சேரியிலிருந்து அக்கா மங்கலம்பேட்டைக்கு வந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "அம்மா கேக் ஒரு தரம் சாப்பிடணும்டா" என்றார். அந்தப் பழைய டின் என்றோ துருப்பிடித்துப் போய்விட்டது. மருமகளிடம் இருந்தது 24 சென்டிமீட்டர் டின். பதினாறுக்கு இருபத்துநாலு ஒன்றரை மடங்கு. "எல்லாவற்றையும் ஒன்றரையாகப் போடம்மா" என்றேன். கேக் சப்பையாக, வறண்டு வந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் உறுத்தியது.

தப்பு என்னுடையது. மாவு நிரப்புவது விட்டத்தை அல்ல, பரப்பை. பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்று 499-இலேயே ஆரியபடர் எழுதிவிட்டார். காரி நாயனாரின் கணக்கதிகாரமும் அதையே சொல்கிறது. விட்டம் ஒன்றரை மடங்கானால் சுற்றளவும் ஒன்றரை மடங்கு. ஆகவே பரப்பு இரண்டே கால் மடங்கு. நான் சொன்ன அளவில் கேக் மூன்றில் இரண்டு பங்கு உயரம்தான் வரும். மெல்லிய கேக் அதே நேரம் அடுப்பில் இருந்தால் காயாமல் என்ன செய்யும்?

சதுர டின் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பழைய வழி ஒன்று உண்டு. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் பிரதியெடுத்த பாப்பிரஸ் சுவடி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. விட்டம் 9 உள்ள வட்ட வயலும் பக்கம் 8 உள்ள சதுரமும் பரப்பில் சமம் என்பது அதன் கணக்கு. இன்றைய கணக்கில் வட்டம் 63.6, சதுரம் 64. வரி வசூலுக்கே போதுமான துல்லியம், கேக்குக்குப் போதாதா? 24 வட்டத்துக்கு 21 சதுரம் சரியாக இருக்கும்.

பொங்கல் வரை அக்காவை இருக்கச் சொன்னேன். ரவை, சர்க்கரை, வெண்ணெய் தலா 450 கிராம், முட்டை ஒன்பது. உயரம் அதேதான் என்பதால் வேகும் நேரம் பெரிதாக மாறவில்லை. நடுவில் குச்சி குத்திப் பார்த்து எடுத்தாள் மருமகள்.

அக்கா ஒரு துண்டு தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டார்.