நியூயோர்க் நகரக் கல்லூரியின் ‘சீக்’ திட்டமும் மாணவர் தலைமையும்

கல்வியில் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் வகுத்த உதவித் திட்டங்களின் வரலாறு, பெரும்பாலும் அவற்றை வழங்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பன கணக்கெடுக்கப்படுகின்றன. திட்டத்தை நடத்தியோர் யாவர், ஆசிரியரைத் தெரிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அவ்வினாக்களை முன்வைத்து, நியூயோர்க் நகரக் கல்லூரியில் 1965இல் தோன்றிய திட்டமொன்றை இங்கு நோக்குவோம்.

1847இல் நிறுவப்பட்ட இக்கல்லூரி கட்டணமின்றிக் கற்பித்தமையால் வறியோரின் பல்கலைக்கழகம் எனப் புகழ்பெற்றது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் இதன் வழியே உயர்நிலை எய்தினர். இப்புகழில் உண்மையுண்டு. ஆயின் கல்லூரி அமைந்திருந்த இடம் ஹார்லத்தின் மேட்டுநிலம். ஹார்லம் கறுப்பின மக்களின் பண்பாட்டுத் தலைநகராக மாறிய பின்னரும், அவர்தம் பிள்ளைகளுள் மிகச் சிலரே அம்மேட்டில் ஏற முடிந்தது. தடையாக நின்றது பணமன்று, உயர்பாடசாலைப் புள்ளிகள். கறுப்பினத்தாரும் புவேர்ட்டோரிக்கரும் பயின்ற பாடசாலைகளின் நிலை யாதென்பதை அப்புள்ளிகள் வெளிப்படுத்துவதில்லை.

1965இல் ஏறத்தாழ நூறு மாணவருடன் ஒரு முன்னோடித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அதனை வழிநடத்தியவர் அலன் பலார்ட் என்னும் கறுப்பின அரசறிவியல் ஆசிரியர். சோவியத் அரசியலை ஆராய்ந்தவர் அவர். தாம் கற்ற கல்லூரியில் முதன்முதற் சேர்க்கப்பட்ட கறுப்பின மாணவர் இருவருள் ஒருவராகவும் இருந்தவர். தனித்து நிற்பதன் சுமையை அவர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். 1966இல் மாநிலச் சட்டமன்றத்தில் பேர்சி சட்டன், சேர்லி சிஷோம் முதலிய கறுப்பின உறுப்பினரின் முயற்சியால் இத்திட்டம் சட்டவலுப் பெற்றது. கல்வி, உயர்வு, அறிவு ஆகியவற்றைத் தேடல் என்னும் பொருள்பட அமைந்த அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் இணைந்து ‘சீக்’ என வழங்கலாயின. உதவிப்பணம், நூல்கள், சிறு வகுப்புகள், மேலதிக பயிற்சி, ஆலோசனை என்பன மாணவருக்குக் கிடைத்தன.

இத்திட்டத்தின் ஆசிரியர் வரிசை வியப்புக்குரியது. ரொனி கேட் பம்பாரா, ஜூன் ஜோர்டன், ஓட்ரி லோட், ஏட்ரியன் ரிச் ஆகிய எழுத்தாளர் அங்கு மொழி கற்பித்தனர். மொழிப்பயிற்சிப் பகுதியை வழிநடத்திய மீனா ஷோனெசி, 1970க்கும் 1974க்கும் இடையில் புதுமுக மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஆராய்ந்து, 1977இல் நூலொன்றை வெளியிட்டார். பிழைகள் மூடத்தனத்தின் அடையாளங்களல்ல, அவற்றுக்கும் ஓர் ஒழுங்குண்டு என்பது அவர் கண்ட முடிவு. சிவப்பு மை கொண்டு திருத்துவதையே மொழிக்கல்வியெனக் கருதும் ஆசிரியர் எந்நாட்டிலும் அந்நூலைப் படித்தல் தகும்.

எனினும் திட்டத்திற்குள் ஒரு முரண்பாடு இருந்தது. மாணவர் உதவி பெறுவோராகவே கருதப்பட்டனர். ஆலோசனைப் பகுதி உளவியலாளரின் பொறுப்பிலிருந்தது. நகரத்தின் இனப்பாகுபாடு விளைவித்த குறையைத் தமது மனத்தின் குறையாகக் காண்பதற்கு மாணவர் உடன்படவில்லை. ஆலோசகரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுற வேண்டியதில்லை. நல்லெண்ணம் இம்முரண்பாட்டைத் தீர்க்கப் போதுமானதாக இருக்கவில்லை என்பதே நாம் கருதுவது.

1969 பெப்ரவரியில் கறுப்பின, புவேர்ட்டோரிக்க மாணவர் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்தனர். கறுப்பின, புவேர்ட்டோரிக்க ஆய்வுகளுக்குத் தனிப்பிரிவு. புதுமுக மாணவருக்குத் தனியான அறிமுகப் பயிற்சி. ‘சீக்’ திட்டத்தின் நெறிமுறைகளை வகுப்பதிலும் பணியாளரை நியமிப்பதிலும் நீக்குவதிலும் மாணவருக்குக் குரல். அனுமதியில் நகர உயர்பாடசாலைகளின் இன விகிதம். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் யாவரும் அவ்விரு மக்களின் வரலாற்றையும் ஸ்பானிய மொழியையும் கற்றல். பலரும் நான்காவது கோரிக்கையையே விவாதித்தனர். எமது நோக்கில் மூன்றாவதே ஆழமானது. உதவியைப் பெற வந்தோர் அதனை ஆளவும் உரிமை கோரினர்.

ஏப்ரல் 22ஆம் நாள் மாணவர் தென்வளாகத்தின் வாயில்களைப் பூட்டினர். ஏறத்தாழ இரு வாரம் வளாகம் அவர்கள் வசமிருந்தது. அதற்கு ‘ஹார்லம் பல்கலைக்கழகம்’ எனப் பெயரிட்டு, அயலவரை உள்ளே அழைத்தனர். கூட்டங்களும் வகுப்புகளும் நிகழ்ந்தன. தலைமைத்துவப் பயிற்சி என்னும் பெயரில் எவரும் நடத்தாத பயிற்சி அது. வாயில்கள் திறக்கப்பட்ட பின்னர் வளாகத்தில் இனக் கைகலப்பும் தீவைப்பும் நிகழ்ந்ததையும் மறைத்தல் ஆகாது. கல்லூரித் தலைவர் புவெல் கலகர் மே மாதத்திற் பதவி துறந்தார்.

விகிதாசார அனுமதி நகர அரசியலாரின் எதிர்ப்பால் வீழ்ந்தது. அதற்கு ஈடாக, 1975இல் நிறைவுறவிருந்த திறந்த அனுமதி 1970இலேயே நடைமுறைக்கு வந்தது. நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிகளிற் புதுமுக மாணவர் தொகை ஏறத்தாழ 20,000இலிருந்து 35,000 ஆக உயர்ந்தது. அவ்வாறு நுழைந்தோருள் இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள் பெருந்தொகையினர். போராட்டத்தை வெறுத்த குடும்பங்கள் பலவும் அதன் பயனை அனுபவித்தன. ஹார்லத்துப் பிள்ளைகளின் கோரிக்கை வெள்ளைத் தொழிலாளரின் கோரிக்கையுமாகும் என்பதை அன்று உரத்துக் கூறியோர் சிலரே.

இதன் ஆயுள் நீடிக்கவில்லை. 1975இல் நகரம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. 1976இல், வெள்ளையரல்லாத மாணவர் பெருந்தொகையினராகப் புகுந்துகொண்டிருந்த வேளையில், 129 ஆண்டுகள் நிலவிய இலவசக் கல்வி முடிவுற்றுக் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். போராட்டத்தின் பேறாக உருவான இனவரலாற்றுத் துறைகள் பிற்காலத்தில் துறை என்னும் தகுதியை இழந்து பாடத்திட்டங்களாகச் சுருக்கப்பட்டன. ‘சீக்’ மாத்திரம், சட்டத்தினால் நிறுவப்பட்டமையின், அழியாது எஞ்சியது. அதன் மாணவர்க்கு இன்றும் உதவிப்பணமும் ஆலோசனையும் கிடைக்கின்றன. பணியாளரை நியமிப்பதில் மாணவருக்குக் குரல் வேண்டுமெனக் கேட்ட மூன்றாவது கோரிக்கை, அன்று அவர்கள் எழுதிய தாளில் நின்றுவிட்டது.