பணம் போன வழி: உகாண்டாவில் அயல்நாட்டு உதவியும் பள்ளி, மருத்துவ நிர்வாகமும்

1986 ஜனவரியில் யோவேரி முசேவேனியின் படை கம்பாலாவைப் பிடித்தபோது, உகாண்டாவின் அரசுப் பள்ளிகள் பெயரளவில்தான் அரசுடையவை. இடி அமீன் ஆட்சியும் அதற்குப் பின் நடந்த உள்நாட்டுப் போரும் கருவூலத்தைத் துடைத்துவிட்டிருந்தன. கட்டடம் எழுப்புவது முதல் ஆசிரியர் சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுப்பது வரை எல்லாவற்றையும் பெற்றோர்–ஆசிரியர் கழகங்களே பார்த்துக்கொண்டன. 1990களின் தொடக்கத்தில்கூடத் தொடக்கப் பள்ளிச் செலவில் பாதிக்கு மேல் பெற்றோரின் பணம். 1987இல் உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் துணைநின்ற பொருளாதார மீட்புத் திட்டம் தொடங்கி, உதவிப் பணம் பெருகிய பிறகும் அரசின் புள்ளிவிவரங்களில் பள்ளிச் சேர்க்கை அசையவில்லை. ஒதுக்கீடு கூடுகிறது, பள்ளியில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? இந்தக் கேள்விதான் 1996ஆம் ஆண்டுக் கள ஆய்வுக்கு வித்திட்டது.

ஆய்வு முறை எளிமையானது. நடுவண் அரசு ஒரு பள்ளிக்கு அனுப்பியதாக எழுதிவைத்த தொகையை எடுத்துக்கொள்வது. பிறகு அந்தப் பள்ளிக்கே போய், தலைமை ஆசிரியரின் வரவுப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. உலக வங்கியின் ரித்வா ரெய்னிக்கா முன்னின்று நடத்திய இந்த ஆய்வு 250 அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 1991–95 கணக்குகளை ஒப்பிட்டது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளியை எட்டியிருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. மிச்சம் மாவட்ட அலுவலகங்களில் நின்றுவிட்டது.

இதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. 13 விழுக்காடு பெற்ற புகழ் அதற்குக் கிடைக்கவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் கசிவு மிகக் குறைவு. தன் சம்பளம் எவ்வளவு என்று ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரியும். மானியம் என்று ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ரெய்னிக்காவும் யாக்கோப் ஸ்வென்சனும் பின்னர் செய்த பகுப்பாய்வில், வசதியுள்ள பெற்றோர் இருந்த பள்ளிகள் தமக்குரிய தொகையில் அதிகப் பங்கை வாங்கியிருந்ததும் தெரிந்தது. கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்தது. மருத்துவத் துறையிலோ இந்தக் கணக்கையே போட முடியவில்லை. 100 சுகாதார மையங்களும் ஆய்வில் இருந்தன; ஆனால் மருந்து பொருளாகவே போனதாலும், பதிவேடுகள் அலங்கோலமாகக் கிடந்ததாலும், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வழியில்லை. 1990களில் பத்து மையங்களில் மட்டும் நடந்த வேறோர் ஆய்வு, மருந்தில் முக்கால் பங்குக்கு மேல் கசிவதாக மதிப்பிட்டது.

1996 ஆய்வுக்குப் பிறகு நடந்தது வளர்ச்சிப் பொருளாதாரப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட கதை. அரசு மாதந்தோறும் மாவட்டங்களுக்கு விடுவித்த தொகையை ‘நியூ விஷன்’ நாளிதழிலும் அதன் உள்ளூர் மொழிப் பதிப்புகளிலும் வெளியிட்டது. வந்த பணம் இவ்வளவு என்று பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும் என ஆணை பிறந்தது. 2001இல் மீண்டும் அளந்தபோது 80 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தது. செய்தித்தாள் திருடனைப் பிடித்துவிட்டது என்று மாநாட்டுக்கு மாநாடு இது சொல்லப்பட்டது.

இந்தப் புகழுரையை அப்படியே ஏற்பதற்கில்லை. 2007இல் ஆய்வாளர் பால் ஹப்பர்ட் சுட்டிக்காட்டியது போல, அதே ஐந்தாண்டுகளில் வேறு பலவும் மாறின. 1997இல் ஒரு குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி இலவசமாகி, மாணவர் எண்ணிக்கை ஓராண்டில் 30 லட்சத்தைச் சுற்றியிருந்த நிலையிலிருந்து 50 லட்சத்தைத் தாண்டியது. 1998இல் கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான கடன் சலுகையைப் பெற்ற முதல் நாடு உகாண்டா. அதில் மிஞ்சிய பணம் வறுமை ஒழிப்பு நடவடிக்கை நிதி என்ற தனிக் கணக்கில் சேர்ந்தது. அந்த நிதியில் 5 விழுக்காடு கண்காணிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. மாவட்டம் இன்ன செலவுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று முத்திரையிட்டுப் பணம் வந்தது. உதவி நாடுகளின் பிரதிநிதிகள் ஆண்டுக்கு இருமுறை கல்வி அமைச்சகத்தோடு உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் நிதியமைச்சகத்தின் நிரந்தரச் செயலாளர் இமானுவேல் தும்முசீமே-முத்தெபிலே இருந்தார். மாவட்டங்களைத் தன் பிடிக்குள் கொண்டுவர அவருடைய அமைச்சகத்துக்கு ஆசை இருந்தது; உதவி நாடுகளின் நிபந்தனைகள் அதற்குக் கைகொடுத்தன. செய்தித்தாள் விளம்பரத்தை அந்தப் பிடியின் ஓர் அங்கமாகவே நான் பார்க்கிறேன். பெற்றோரின் காதில் அது விழுந்தது உண்மை. ஆனால் முதலில் பயந்தது மாவட்ட அலுவலர்.

பிடி மேலே இருந்தவரை மேலிருப்பவரை யாரும் கேட்கவில்லை. 2001 மார்ச்சில் அரசு மருத்துவமனைகளின் பெரும்பாலான கட்டணங்கள் நீக்கப்பட்டு ஏழைகளின் வருகை கூடியது. அது பெரிய சாதனைதான். ஆனால் நோய்வாரியாக வந்த புதிய நிதிகள் வழக்கமான கருவூலப் பாதையை ஒதுக்கி, தனிப் பிரிவுகள் வழியாக நுழைந்தன. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம், முறைகேட்டைக் காட்டி 2005 ஆகஸ்டில் உகாண்டாவுக்கான ஐந்து மானியங்களை நிறுத்திவைத்தது. நீதிபதி ஜேம்ஸ் ஒகூலா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. நவம்பரில் தடை நீங்கியது. 2012இல் வந்தது இன்னும் பெரிய அடி. வட உகாண்டாவின் மறுவாழ்வுக்கென அயர்லாந்து, நார்வே, சுவீடன், டென்மார்க் கொடுத்த பணத்தில் ஒரு கோடி யூரோவுக்கு மேல் பிரதமர் அலுவலகத்திலேயே மாயமானது. கண்டுபிடித்தவர் நாட்டின் தலைமைத் தணிக்கையாளர். பள்ளிப் பணத்தைத் தேட வளர்ந்த தணிக்கைத் திறன் இப்போது தலைநகரையே தொட்டது. உதவி நாடுகள் நேரடி பட்ஜெட் ஆதரவை நிறுத்தின. அயர்லாந்துக்கு மட்டும் 40 லட்சம் யூரோவை உகாண்டா திருப்பிக் கொடுத்தது.

ஊரார் கண்காணிப்பின் வரலாறு தனி. மார்ட்டினா பியோர்க்மனும் ஸ்வென்சனும் 50 சுகாதார மையங்களில் நடத்திய சோதனையில், கிராமத்தாரும் ஊழியர்களும் மையத்தின் மதிப்பெண் அட்டையை நடுவில் வைத்துப் பேசிய இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009இல் எழுதினார்கள். உலகமே அதை மேற்கோள் காட்டியது. பின்னர் 16 மாவட்டங்களில் 376 மையங்களில் வேறு ஆய்வாளர்கள் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். சிகிச்சையின் தரம் சற்றே உயர்ந்தது. மையத்துக்கு வருவோர் எண்ணிக்கையிலோ இறப்பிலோ மாற்றமில்லை. இதற்கிடையில் மருந்துக்கான பணம் மாவட்டங்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, என்டெபேயில் இருந்த தேசிய மருந்துக் கிடங்குக்கு நேரடியாகப் போகத் தொடங்கியிருந்தது. கூட்டத்தில் கிராமத்தார் கேள்வி கேட்ட செவிலியரால் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க முடிந்தது. தீர்ந்துபோன மலேரியா மாத்திரையை வரவழைக்க முடியவில்லை.