உழைப்போரும் விரிவுரை மண்டபமும்: வன்னிப் பெருநிலத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பல்கலைக்கழக வகுப்புகளுக்குத் தொழிற்றுறைகளிலிருந்து அதிதி விரிவுரையாளரை அழைக்கும் வழக்கம் இன்று வலுப்பெற்று வருகின்றது. கல்விக்கும் தொழிலுலகுக்கும் பாலம் அமைத்தல் என இதற்கு நியாயம் கூறப்படுகின்றது. நியாயம் தவறானதன்று. ஆயின், தொழிலுலகின் பிரதிநிதியாக மேடையேறுபவர் யார் என்னும் வினாவை எழுப்பாது இவ்வழக்கின் சமூக உள்ளடக்கத்தை நாம் மதிப்பிட முடியாது. முகாமையாளர் தொழிலை நிருவகிப்பவர். தொழிலைச் செய்பவர் வேறொருவர்.

எமது பல்கலைக்கழக வரலாற்றில் இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் புத்துருவாக்க முனைந்தபோது, மட்டக்களப்பு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரிடம் மாணவர் ஆட்டம் பயின்றனர். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய தயாரிப்புகள் அவ்வாறு உருப்பெற்றவையே. ஏட்டுக்கல்வி பெற்றோர் கிராமத்துக் கலைஞர் முன் மாணாக்கராக நின்றமை சாதாரண நிகழ்ச்சியன்று. எனினும், கூத்தின் ஆட்டமுறை பல்கலைக்கழகத்தை அடைந்த வேகத்தில், அதனைப் பேணிய உழவரின் உற்பத்தி அறிவு அங்கு வந்து சேரவில்லை. இங்கிலாந்தின் ரஸ்கின் கல்லூரியில் 1967இல் றபாயேல் சாமுவேல் தொடக்கிய வரலாற்றுப் பட்டறை இயக்கம் இவ்வகையில் ஒருபடி மேற்சென்றது. தொழிலாளராயிருந்து கற்க வந்தோர் அங்குத் தமது தொழில்களின் வரலாற்றைத் தாமே எழுதினர்.

வன்னியில் இப்பிரச்சினை கூர்மையான வடிவம் பெறுகின்றது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இப்பிரதேசத்தை விரிவாக ஆவணப்படுத்தியது. ஆயின் அது ஆட்சியாளரின் தேவைக்காகத் தொகுக்கப்பட்ட அறிவு; மக்கள் அதிற் பொருளாயினரேயன்றி ஆசிரியராகவில்லை. இன்று பல்கலைக்கழகமே வன்னிக்கு வந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிப் போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் அறிவியல் நகருக்கு மீண்டது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வயலருகே பீடம் அமைந்தமையால் மட்டும் வயலின் அறிவு பாடத்திட்டத்துள் புகுந்துவிடாது.

இரணைமடுக் குளத்தின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்றாகும். குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2010களில் முன்னெடுக்கப்பட்டபோது, கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். சிறுபோகத்தில் வயல்நிலம் முழுவதற்கும் நீர் போதாமையால் ஒரு பகுதியை மட்டும் விதைத்து, விளைச்சல் நிலத்தைப் பங்கிட்டு வாழ்வோர் அவர்கள். அவர்களது மறுப்பை வெறும் பிரதேச உணர்வெனக் கொள்வது மேலோட்டமான பார்வை. ஆண்டுதோறும் நீரைப் பங்கிட்டதனால் விளைந்த கணக்கொன்று அதனுள் இருந்தது. ஈற்றில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்டது. நீரியல் வகுப்பொன்றில் அந்தக் கமக்காரர் வரைபடத்தின் முன் நின்று பேசியிருப்பின், குடாநாட்டின் தாகமும் வன்னியின் வயலும் எதிரெதிராக நிறுத்தப்படாது ஒருங்கே ஆராயப்பட்டிருக்கும்.

எனினும் ‘கமக்காரர்’ என்பது ஒருபடித்தான வகுப்பன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை உருவாக்கியது. குத்தகை விவசாயியின் பாதுகாப்பும் அதன் நோக்கம். ஆயினும் காணி உடையாருக்கும் இல்லாருக்கும் இடையிலான வேறுபாடு நீங்கவில்லை. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியோரிற் பலர் விவசாயக் கூலிகளாகவே வாழ்ந்தனர். கமக்காரர் அமைப்பின் தலைவரை மட்டும் அழைத்தால், நாற்று நட்டுக் களை பிடுங்கும் பெண்ணின் அறிவு மீண்டும் வெளியே நிற்கும். பாலத்தின் மறுமுனையிலும் ஒரு முகாமையாளரே நிற்பார்.

ஆகவே, அழைப்பு என்பது உபசாரமாக அமைதல் கூடாது. உழைப்போரின் வருகை பாடநெறியின் உறுப்பாதல் வேண்டும். அவர் இழக்கும் நாட்கூலிக்கு ஈடாக மதிப்பூதியம் வழங்கப்படல் வேண்டும். அவர் கூறுவது ‘தகவல்’ எனக் குறுக்கப்படாது, அவரது பெயரால் மேற்கோளாக ஏற்கப்படல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும்போதே விரிவுரை மண்டபம் உழைப்போருக்கும் உரியதாகும் என்பது எமது துணிபு.